அறுபதும் எண்பத்தைந்தும்

ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் அக்கா வீட்டில் நான் முதன்முதலாக மான்கறி வாட்டிய இரவு, மேசையில் வைத்த எதையும் யாராலும் மெல்ல முடியவில்லை. கறி காய்ந்த தோலாகியிருந்தது. அதைச் சுற்றிக் கிடந்த கேரட்டோ பல்லுக்கடியில் நறுக் நறுக்கென்று ஒடிந்தது. "கறி வெந்தே தீர்ந்துபோச்சு, காய் இன்னும் வேக ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் அத்தான். கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தத் தட்டில் நடந்ததை அதைவிடச் சரியாகச் சொல்ல ஒரு வேதியியலாளராலும் முடியாது.

நான் செய்தது இவ்வளவுதான். மானின் பின்தொடையில் ஒரு கிலோ துண்டு. சுற்றிலும் கேரட், பார்ஸ்னிப், வெங்காயம், உருளைக்கிழங்கு. மேலே ரோஸ்மேரியும் தைமும். சின்னச் சூட்டில் நிதானமாக வைத்தால் எல்லாம் மெத்தென்று வந்துவிடும் என்று எண்ணி, ஓவனை 110 டிகிரியில் வைத்து மூன்று மணி நேரம் மறந்துவிட்டேன். நிதானம் என்பது நல்ல குணம்தான். கேரட்டுக்கு அது தெரியாது.

ஒரே தட்டில் கிடந்தாலும் தசைக்கும் காய்க்கும் 'வெந்தது' என்பதன் பொருள் வேறு. மானின் தொடைக்கறிக்கு அது ஏறக்குறைய 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் முடிந்துவிடும் காரியம். கேரட்டுக்கு 85 டிகிரியைத் தாண்டினால்தான் அது தொடங்கவே செய்யும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இருபத்தைந்து டிகிரிப் பள்ளத்தில்தான் என் விருந்து விழுந்தது.

மற்றக் கறிகளுக்கும் இந்தப் பள்ளம் உண்டு. ஆட்டிலோ மாட்டிலோ பன்றியிலோ விழுந்தால் கொழுப்பு நம்மைத் தூக்கிவிடும். தசைநார்களுக்கு இடையே ஓடும் கொழுப்பு இளகி, காய்ந்த கறியையும் நாக்குக்கு ஈரமாகக் காட்டும். மானிடம் அந்தச் சலுகை கிடையாது. அதன் தொடைத்தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம். கொழுப்போ நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். மான் கொழுப்பே சேர்க்காத விலங்கு என்றில்லை. கோடை முழுதும் மேய்ந்து தோலுக்கடியிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்த்துக்கொள்ளும். அது மலைக்குளிருக்கான சேமிப்பு. ஓட வேண்டிய தசைக்குள் மட்டும் அதை வைப்பதில்லை. செம்மான் கிடாக்கள் செப்டம்பர் கடைசியில் தொடங்கும் இணைசேரும் பருவத்தில் மேய்ச்சலை ஏறக்குறைய மறந்துவிட்டு உறுமிக்கொண்டும் முட்டிக்கொண்டும் திரியும். அந்தச் சில வாரங்களில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடக் கரைந்துபோகும். அப்போது சுடப்பட்ட கிடாயின் கறி முடைநாற்றம் வீசும் என்று அந்தப் பக்கத்துக் கறிக்கடைக்காரர்கள் நேராகவே சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் இந்த அத்தியாயத்தைச் சமைத்துப் பார்க்க வழியில்லை, தேடவும் வேண்டாம். புள்ளிமானும் கடமானும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. வேட்டையாடுவது மட்டுமல்ல, கறியை வைத்திருப்பதும் குற்றம். குறிஞ்சி நிலத்துச் சங்கப் பாடல்களில் விருந்தாளிக்கு மான்கறி வைக்கிறார்களே என்று கேட்டால், அன்றைக்குக் காடு வேறு, வாய்கள் வேறு. ஸ்காட்லாந்தின் கணக்கோ தலைகீழ். அங்கே ஓநாய்கள் அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைத் தின்ன ஒன்றுமில்லை. மான் தின்ன எல்லாமும் உண்டு. நட்ட மரக்கன்று தலைதூக்குமுன் மேய்ந்துவிடுகின்றன. செம்மான், ரோ மான், சிகா மான், பேலோ மான் நான்கும் சேர்ந்து பத்து லட்சத்தை எட்டும் என்பது அரசு மதிப்பீடு. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் சுட்டுக் குறைத்தால்தான் காடு மறுபடி முளைக்கும் என்கிறார்கள். பெண் செம்மான்களைச் சுடும் பருவம் அங்கே அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. அதனால் நவம்பரில் அக்கா வாங்கி வந்த தொடைக்கறி, காட்டைக் காப்பதில் பங்கெடுத்த கறி. ஒரு நாட்டில் சிறைக்கு அனுப்பும் சாப்பாடு இன்னொரு நாட்டில் சூழலியல் கடமை. இங்கே இருப்பவர்கள் இதையெல்லாம் கொழுப்பு நீக்கிய ஆட்டுத் தொடையில் செய்து பார்க்கலாம். விதி ஒன்றுதான், தண்டனை சற்றுக் குறைவு.

இனித் தசைக்குள் போவோம். தசைநார் என்பது நீளவாக்கில் கட்டிய கோரைக்கட்டு போன்றது. கட்டுக்குள் கட்டு, அதற்குள்ளும் கட்டு. கடைசிக் கோரையின் உள்ளே மயோசின், ஆக்டின் என்ற இரண்டு புரத இழைகள். தண்ணீரில் பெரும்பகுதி இந்த இழைகளின் இடுக்கில்தான் பிடிபட்டிருக்கிறது. சூடு ஏறி 50 டிகிரியை ஒட்டி வரும்போது மயோசின் தன் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்கிறது. பச்சையாக வழுவழுத்த கறி அப்போதுதான் பல்லுக்கு எதிர்ப்புக் கொடுக்கும் கறியாகிறது. ஈரம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் கட்டுகளைச் சுற்றியிருக்கும் கொலாஜன் உறை சுருங்கத் தொடங்கும். ஈரத்துணியை முறுக்கினால் என்ன ஆகும்? அதுதான். சாறு வெளியே வடிகிறது, துண்டு சிறுத்துப் போகிறது. 66இலிருந்து 73க்குள் ஆக்டினும் குலைந்துவிட்டால் பிழிந்த துணியை மறுபடி பிழிந்த கதை. என் முதல் துண்டு எங்கே நின்றது என்று நான் அளக்கவில்லை. அளந்திருந்தால் 75க்கு மேல் காட்டியிருக்கும்.

தட்டில் வடியும் அந்தச் சிவப்பைப் பார்த்து 'ரத்தம்' என்று முகம் சுளிப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் அக்காவும் அதில் ஒருத்தி. ரத்தம் அறுத்த அன்றே வடிந்துபோய்விடும். இது மயோகுளோபின், தசை தன் சொந்தச் செலவுக்கு ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் இரும்புப் புரதம். கோழி நெஞ்சுக்கறி வெளுத்திருப்பதும், மான்கறி கருஞ்சிவப்பாக இருப்பதும், ஓடும் தசைக்கும் சும்மா இருக்கும் தசைக்கும் உள்ள வேறுபாடு. மயோகுளோபின் 60க்கு மேல் குலைந்து பழுப்பாகிறது. அதாவது சிவப்பு மங்குவதும் சாறு வடிவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. நடுவில் துளிச் சிவப்பும் இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு மான் தொடையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அவருக்கு வேறு கறி இருக்கிறது.

அந்த வேறு கறி முன்காலும் கழுத்தும். அங்கே கொலாஜன் மிகுதி. 60இல் சுருங்கிய அதே கொலாஜன், 70க்கு மேல் தண்ணீரோடு மணிக்கணக்கில் வைத்தால் கரைந்து ஜெலட்டினாகிறது. ஆட்டுக்கால் பாயா இரவெல்லாம் கொதித்துக் காலையில் உதட்டில் ஒட்டுகிறதே, அந்தப் பசைதான். இழைகள் காய்ந்துதான் போயிருக்கும். ஆனால் ஜெலட்டின் அவற்றைப் பூசி மெழுகி ஈரமாகக் காட்டும். ஆக, மான்கறிக்கு இரண்டே நல்ல நிறுத்தங்கள்: தொடையென்றால் 60க்குள் இறங்கிவிடுவது, காலென்றால் மூன்று மணி நேரம் பயணம் செய்து கடைசி நிறுத்தத்தில் இறங்குவது. நான் நடுவழியில் இறங்கினேன்.

சின்னச் சூட்டில் வாட்டும் வழியை முதலில் எழுதி வைத்தவர்களில் ரம்ஃபர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்சன் ஒருவர். வெப்பம் ஒரு திரவமல்ல, இயக்கம் என்று பீரங்கிக் குழாய் குடையும்போது கண்டு சொன்னவர் அவர். உருளைக்கிழங்கு உலர்த்தும் பெட்டி ஒன்றில் ஆட்டின் முன்தொடை வேகுமா என்று சோதித்துப் பார்த்தார். இரவு முழுதும் உள்ளேயே இருந்துவிட்ட அந்தக் கறி காலையில் நன்றாக வெந்து சுவையாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். 1969இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நிக்கலஸ் குர்தி என்ற இயற்பியலாளர் சமையலறையில் இயற்பியல் பற்றி ஆற்றிய உரை இந்தத் துறையில் புகழ்பெற்றது. தனிச்சுழிக்கு மிக அருகில் வரைக்கும் குளிரை இறக்கியவர் அவர். கறியின் நடுவில் வெப்பமானி குத்திப் பார்க்கவும் அவருக்குக் கூச்சமில்லை. எனக்கு இருந்தது. "வெப்பமானி வைத்தா எங்கம்மா சமைத்தாள்" என்ற அந்தக் கூச்சத்துக்கு மான் மன்னிப்பு வழங்குவதில்லை. ஆட்டுக்கறிக் குழம்பில் பத்து டிகிரி கூடிப்போனால் தெரியாது. இங்கே ஐந்து டிகிரி போதும்.

கேரட்டின் பக்கம் வருவோம். காய்கறியின் செல்களைச் சுவர்போல் அடுக்கி ஒட்டியிருக்கும் சாந்து பெக்டின். அந்தச் சாந்து இளகினால்தான் காய் வேகும். அது இளகுவது 85 டிகிரிக்கு மேல்தான். இதைவிட வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. கேரட்டை 55 முதல் 65 டிகிரியில் அரைமணி நேரம் வைத்திருந்தால் அது மெதுவாக வேகும் என்று நினைக்கிறோம் அல்லவா? அப்போது அதற்குள் இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினைத் திருத்தி, செல்லில் இருக்கும் கால்சியத்தோடு இறுக்கமாகப் பிணைத்துவிடுகிறது. சாந்துக்குச் சிமென்ட் கலந்த மாதிரி. பிறகு கொதிக்கவைத்தாலும் அந்தக் கேரட் எளிதில் இளகாது. டப்பாவில் அடைக்கும் காய்கள் குழையாமல் இருக்க இதையே உபாயமாகக் கையாளும் தொழிற்சாலைகள் உண்டு. 110 டிகிரி ஓவனில் திறந்த தட்டில் கிடக்கும் ஈரக் காயின் உடம்புச் சூடு, நீராவியாகும் குளிர்ச்சியால் 100ஐ எளிதில் தொடாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நெடுநேரம் தங்கும். என் நிதானத்தால் நான் செய்தது காயை வேகவைத்ததல்ல, பதப்படுத்தியது.

பெக்டின் இளகுவதற்கு இன்னொரு எதிரி நம் அடுக்களையில் நன்றாகத் தெரிந்தது. காய் வேகுமுன் புளியைக் கரைத்து விட்டுவிடாதே என்று சொல்லித்தராத பாட்டி கிடையாது. அமிலத்தில் அந்தச் சாந்து எளிதில் கரையாது. வேகாத சாம்பார் முள்ளங்கிக்கும் இதே விளக்கம்தான். ஐரோப்பியச் சமையலில் மான்கறியோடு சிவப்பு ஒயினும் வினிகரும் ஊற்றும் வழக்கம் உண்டு. காயும் அதே தட்டில் இருந்தால், புளியை முதலில் ஊற்றிய சாம்பார்தான். ஒயினைக் காய் வெந்தபின் சாற்றில் சேர்ப்பது புத்தி. பெரிய துண்டை நாள்கணக்கில் ஒயினில் ஊறப்போடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அமிலம் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை. போன இடத்தில் கறியைத் தவிடுபோல் ஆக்கிவிடுகிறது. உப்பு மட்டும் போகும். கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்பை முதல்நாளே தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தால், அது மெல்ல உள்ளிறங்கிப் புரதத்தைத் தளர்த்தி ஈரத்தைப் பிடித்துவைக்கும். மேற்பரப்பும் காய்ந்து பதமாகும்.

மேற்பரப்பு காய்வது ஏன் முக்கியம்? தோசைக்கல்லைக் கேட்டால் சொல்லும். ஈரம் இருக்கும்வரை எதுவும் 100 டிகிரியைத் தாண்டாது. முறுகல் வருவதோ 140க்கு மேல்தான் வேகம் பிடிக்கும். அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் நூற்றுக்கணக்கான வாசனைகளுமாகப் பிரியும் அந்த வினையை 1912இல் லூயி காமி மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தார். அதன் படிகளை 1953இல் ஜான் ஹாட்ஜ் வரைந்து காட்டினார். மயார் தேடியது செல்களுக்குள் புரதம் உருவாகும் விதத்தை. கிடைத்தது முறுகலின் வாசனை. சூட்டில் மேற்புறத்தைச் சுண்டவைத்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்ற நம்பிக்கை வேறு கதை. 1847இல் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் எழுதியது முதல் ஊரெல்லாம் பரவியது. பெரிய வேதியியலாளர்தான், இதில் தவறிவிட்டார். வாணலியில் போட்ட கறி சுர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறதே, அந்தச் சத்தம் வெளியேறும் தண்ணீர்தான். அடைபட்டிருந்தால் அமைதியாக இருந்திருக்கும். கறியைச் சிவக்க வைப்பது சுவைக்காக, சாற்றுக்காக அல்ல.

கொழுப்பு விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் இளகிய கொழுப்புகளை இறுகிய கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. மானின் கொழுப்பு மாட்டுக் கொழுப்பையும்விட இறுக்கமானது. வாயின் 37 டிகிரியில் உருகாது. மெழுகுவத்தி தின்ற மாதிரி மேலண்ணத்தில் படியும். நெய் உள்ளங்கையிலேயே இளகுகிறதே, அதற்கு நேர் எதிர். ஆகவே இருக்கும் கொஞ்சக் கொழுப்பையும் வெள்ளி நிற ஜவ்வையும் சீவி எறிந்துவிட்டு, வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ பூசுவார்கள். அந்தக் காலத்தில் பன்றிக்கொழுப்பைக் கீற்றாக்கி நீண்ட ஊசியால் தசைக்குள்ளேயே கோத்துவிடுவார்களாம். மானுக்கு இயற்கை மறுத்ததை ஊசி கொடுத்தது.

மூலிகைகள் பெயரில்தான் அயல். தைம் இலையைக் கசக்கி முகர்ந்த அக்கா, "ஓமம்!" என்றாள். இரண்டின் மணத்துக்கும் பெரும் காரணம் தைமால் என்ற ஒரே பொருள்தான். ரோஸ்மேரியில் உள்ள சினியோல், ஊட்டித் தைலப் புட்டியைத் திறந்தால் மூக்கில் ஏறுவது. ரோஸ்மேரியே நீலகிரியில் பயிராகிறது. ஸ்காட்லாந்து மலைகளில் தானாக வளரும் ஜூனிப்பர் செடியின் கருநீலக் கனியில் பைனீன் நிறைய. மிளகிலும் அது உண்டு. ஜூனிப்பர் கனியை நசுக்கிப் போடுவது மான்கறிக்கு அந்த ஊர் எழுதாச் சட்டம். இந்த வாசனைகள் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை, சூட்டில் பறப்பவை. காய்ந்த தட்டில் மூன்று மணி நேரம் கிடந்த என் ரோஸ்மேரி சருகாகத்தான் ஆயிற்று. வெண்ணெயில் கடைசிப் பத்து நிமிடம் பொரித்தால் அந்த வெண்ணெய் முழுதும் மணக்கும். தாளிப்பைக் கடைசியில் கொட்டும் கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி முயன்றோம். இந்த முறை கறியையும் காயையும் பிரித்துவிட்டோம்; சண்டைபோடும் பிள்ளைகளை வேறு வேறு வகுப்பில் உட்காரவைப்பது போல. முதல்நாள் உப்பிட்ட தொடை தனியாக 110 டிகிரி ஓவனில். நடுவில் குத்திய வெப்பமானி 51 காட்டியபோது, ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில், வெளியே எடுத்தோம். இந்த நேரத்தை நம்பி யாரும் கடிகாரம் பார்க்க வேண்டாம். தடிமன் இரண்டு மடங்கானால் சூடு நடுவை எட்டும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். எடையைவிடத் தடிமன்தான் கணக்கு. கேரட்டையும் பார்ஸ்னிப்பையும் அதற்குள் உப்புநீரில் கொதிக்கவிட்டு, நொதி விழிப்பதற்கு அவகாசமே தராமல் 85ஐத் தாண்டவைத்தாயிற்று. வடித்து, எண்ணெயில் புரட்டி, கறி வெளியே ஓய்வெடுக்கும் நேரத்தில் ஓவனை 220க்கு ஏற்றி உள்ளே தள்ளினோம். ஓரங்கள் தோசைக்கரைபோல் முறுகின.

கடைசியில் இரும்பு வாணலி புகையும்வரை காய்ந்தது. கறி பக்கத்துக்கு ஒரு நிமிடம். பிறகு தணலைக் குறைத்து வெண்ணெய், பூண்டு, தைம், ஜூனிப்பர். மேற்புறச் சூடு உள்ளே நடந்து நடுவின் அளவு 57இல் நின்றது. முழுத்துண்டின் உட்பகுதியில் பெரும்பாலும் கிருமி இராது, மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதால் இது சரி. அரைத்த மான்கறிக்கு இந்தச் சலுகை கிடையாது, மேற்பரப்பு முழுதும் உள்ளே கலந்துவிடுகிறதே. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எதையும் நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும். வாணலியில் ஒட்டிய பழுப்பில் கொஞ்சம் ஒயின், எலும்புச்சாறு, ஒரு கரண்டி ரெட்கரண்ட் ஜெல்லி. புளிப்பும் இனிப்பும் இப்போது வந்தால் காய்க்குக் கெடுதல் இல்லை, அது வெந்துவிட்டது.

அக்கா நடுத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரத்தம் இல்லைன்னு நீ சொன்னா சரி" என்று ஓரத்துத் துண்டாக எடுத்துக்கொண்டாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று முறை போட்டுக்கொண்டார்.

மீந்ததை மறுநாள் சூடாக்கலாமா என்று கேட்டாள். சூடாக்கினால் மறுபடி அறுபதைத் தாண்டும். தவிர, மான்கறியில் மிகுந்திருக்கும் இரும்பு, இருக்கும் கொஞ்சக் கொழுப்பையும் ஓரிரவில் ஆக்சிஜனோடு சேர்த்துச் சிக்குவாடை வரச் செய்துவிடும். சூடு அதைக் கிளப்பும். ரோஸ்மேரியின் கார்னோசிக் அமிலம் அந்த வினையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை, தடுக்கும் என்பது மிகை. அதனால் குளிர்ந்த கறியை அப்படியே காகிதம்போல் சீவி ரொட்டியில் வைத்தோம். அக்கா அலமாரியின் பின்னாலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்தாள்.